புலிட்சர் நாடகப் பரிசு: கொடுத்த ஆண்டுகளும் கொடுக்காத ஆண்டுகளும்

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் நாடகாசிரியர்களுக்குத் தரப்படும் புலிட்சர் பரிசு எப்படி வந்தது? யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பரிசு பெற்றவர்கள் பட்டியலில் நடுநடுவே 'பரிசு இல்லை' என்று சில ஆண்டுகள் வருகின்றனவே, அந்த ஆண்டுகளில் நல்ல நாடகம் எதுவும் வரவில்லையா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பரிசின் வரலாறு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. 1917 தொடங்கி இன்றுவரை 15 ஆண்டுகள் நாடகத்துக்குப் பரிசு தரப்படவில்லை. 1963 முதல் 1974 வரையிலான 12 ஆண்டுகளில் மட்டும் 6 முறை. நல்ல நாடகம் இல்லாததுதான் காரணம் என்று சொல்லவே முடியாது. 1947-ஐப் பாருங்கள். ஆர்தர் மில்லரின் 'ஆல் மை சன்ஸ்', யூஜின் ஓ'நீலின் 'தி ஐஸ்மேன் கமெத்' இரண்டும் அந்தப் பருவத்தில்தான் நியூயார்க்கில் மேடையேறின. இரண்டும் இன்றுவரை உலகமெங்கும் நடிக்கப்படுகின்றன. அந்த ஆண்டுப் பட்டியலில் இருப்பது 'பரிசு இல்லை'.

ஏன் இப்படி? பரிசை முடிவு செய்யும் ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டால் பாதி விளங்கிவிடும். நாடகம் பார்ப்பவர்கள், படிப்பவர்கள், அதில் ஊறியவர்கள் ஒரு நடுவர் குழுவாக இருந்து பரிந்துரை செய்கிறார்கள். கடைசி முடிவு அவர்கள் கையில் இல்லை. அது வாரியத்தின் கையில். அந்த வாரியத்தில் நெடுங்காலம் பெரும்பாலும் பத்திரிகை ஆசிரியர்களும் பத்திரிகை முதலாளிகளுமே இருந்தார்கள். நடுவர்கள் சொல்வதை வாரியம் ஏற்கலாம், மாற்றலாம், யாருக்கும் வேண்டாம் என்று விட்டுவிடலாம். நூறாண்டுக் கதையும் இந்த இரு தரப்புக்கும் நடந்த இழுபறிதான்.

பரிசை நிறுவிய ஜோசப் புலிட்சர் ஹங்கேரியில் 1847-இல் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 17 வயதில், அந்நாட்டு ராணுவத்துக்கு ஆளெடுத்தபோது அமெரிக்கா வந்தார். ஆங்கிலம் சரியாகத் தெரியாமல் வந்தவர், பிறகு அந்நாட்டின் மிகப் பெரிய பத்திரிகை அதிபர்களில் ஒருவரானார். நியூயார்க்கின் 'வேர்ல்ட்' பத்திரிகையை 1883-இல் வாங்கினார். பின்னாளில் கண்பார்வை ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விட்டது. 1904-இல் எழுதிய உயிலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளி தொடங்கவும், அதோடு பரிசுகள் நிறுவவும் பணம் ஒதுக்கினார். 1911-இல் இறந்தார். முதல் பரிசுகள் 1917-இல் அறிவிக்கப்பட்டன.

இதழியல் பரிசுகளோடு நாவல், நாடகம், அமெரிக்க வரலாறு, வாழ்க்கை வரலாறு ஆகியவற்றுக்கும் பரிசு உண்டு என்று உயில் சொன்னது. நாடகத்துக்கு 1,000 டாலர். நிபந்தனை என்ன தெரியுமா? நியூயார்க்கில் மேடையேறிய அமெரிக்க நாடகமாக இருக்க வேண்டும். மேடையின் கல்விப் பயனையும் ஆற்றலையும் காட்ட வேண்டும். நல்லொழுக்கம், நல்ல ரசனை, நல்ல நடத்தை இவற்றின் தரத்தை உயர்த்த வேண்டும். தரமான படைப்பு இல்லையென்று தோன்றினால் பரிசை நிறுத்திவைக்கும் உரிமையும் வாரியத்துக்குத் தரப்பட்டது. முதல் ஆண்டே அந்த உரிமையைப் பயன்படுத்திவிட்டார்கள். 1917-இல் நாடகப் பரிசு இல்லை. 1918-இல் ஜெஸ்ஸி லிஞ்ச் வில்லியம்ஸ் எழுதிய 'வை மேரி?' என்ற நகைச்சுவை நாடகம் முதல் பரிசைப் பெற்றது. 1919-இல் மறுபடியும் இல்லை.

ஒழுக்கத்தை வளர்க்கும் நாடகம் வேண்டும் என்ற விதி நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாடகக் கலை அந்தக் காலத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ, அதற்கு நேர் எதிர்ப் பக்கம் அந்த விதி இழுத்தது. 1920-இல் 'பியாண்ட் தி ஹொரைசன்' நாடகத்துக்காக ஓ'நீல் முதல் புலிட்சரைப் பெற்றார். கடலுக்குப் போகக் கனவு காணும் தம்பி காதலுக்காகப் பண்ணையில் தங்கிவிடுகிறான். மண்ணை விரும்பும் அண்ணன் கடலுக்குப் போகிறான். இரண்டு வாழ்க்கையும் வீணாகின்றன. ஓ'நீலின் தந்தை மேடையில் பேர்பெற்ற நடிகர். ஒரே வேடத்தை, மாண்டே கிறிஸ்டோ பிரபுவாக, ஆயிரக்கணக்கான முறை நடித்தவர். அந்தப் பழைய பாணி சாகச நாடகத்திலிருந்து மகன் அமெரிக்க மேடையைத் திருப்பினார். 1922-இல் 'அன்னா கிறிஸ்டி'. கதாநாயகி விலைமாதாக வாழ்ந்தவள். 1928-இல் 'ஸ்ட்ரேஞ்ச் இன்டர்லூட்'; 9 அங்கங்கள், நடுவில் இரவு உணவுக்கு இடைவேளை விடும் அளவுக்கு நீளம். புலிட்சர் பெற்ற அந்த நாடகத்தை அடுத்த ஆண்டு பாஸ்டன் நகர நிர்வாகம் ஒழுக்கக்கேடு என்று தடை செய்தது. பக்கத்து ஊரான குயின்சியில் போய் நடத்தினார்கள். ஒழுக்கத்துக்காக ஏற்பட்ட பரிசை வாங்கிய நாடகத்துக்கு ஒழுக்கத்தின் பேரால் தடை என்றால், விதி எவ்வளவு நாள் தாங்கும்? அந்தச் சொற்கள் பிற்காலத்தில் விதியிலிருந்து எடுக்கப்பட்டன. அந்த மனப்போக்கு போக மட்டும் இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

இதற்கிடையே 1921-இல் ஸோனா கேல் 'மிஸ் லூலு பெட்' நாடகத்துக்காகப் பரிசு பெற்றார். நாடகத்துக்குப் புலிட்சர் பெற்ற முதல் பெண் அவர். திருமணமாகாத ஒரு பெண் சகோதரி வீட்டில் தங்கி, சமையல் முதல் எல்லா வேலையும் செய்துகொண்டு, யாரும் ஒரு பொருட்டாக மதிக்காமல் வாழ்கிறாள். ஒரு நாள் அவளுக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும் என்று எழுந்து நிற்கிறாள். இந்தக் கதை நமக்குப் புதிதே இல்லை. இப்படி ஒருத்தி நம் வீடுகள் பலவற்றிலும் இருந்திருக்கிறாள்.

வாரியமும் நடுவர்களும் மோதிய முதல் பெரிய சம்பவம் 1924-இல் நடந்தது. நடுவர்கள் ஜார்ஜ் கெல்லியின் 'தி ஷோ-ஆஃப்' நாடகத்தைப் பரிந்துரைத்தார்கள். பரிசு போனது ஹேட்சர் ஹியூஸ் எழுதிய 'ஹெல்-பென்ட் ஃபர் ஹெவன்' நாடகத்துக்கு. ஹியூஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். பரிசை நிர்வகிப்பதும் கொலம்பியா பல்கலைக்கழகம்தான். பேச்சு எழாமல் இருக்குமா? இரண்டு ஆண்டு கழித்து 1926-இல் கெல்லிக்கு 'கிரெய்க்ஸ் வைஃப்' நாடகத்துக்காகப் பரிசு வந்துசேர்ந்தது. (இந்த ஜார்ஜ் கெல்லி, பின்னாளில் திரை நட்சத்திரமாகி மொனாக்கோ இளவரசியான கிரேஸ் கெல்லிக்குப் பெரியப்பா முறை.) ஒரு நாடகத்துக்கு மறுத்த பரிசை அடுத்த நாடகத்துக்குக் கொடுத்து ஈடுகட்டும் வழக்கம் இங்கிருந்தே தொடங்குகிறது. பட்டியலைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1935-இல் நடந்தது இன்னும் பெரிய விஷயம். அதன் விளைவு இன்றுவரை நீடிக்கிறது. லில்லியன் ஹெல்மன் தன் முதல் நாடகமான 'தி சில்ட்ரன்ஸ் அவர்' மூலம் முந்தைய ஆண்டு நவம்பரில், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் நுழைந்திருந்தார். இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு பள்ளி நடத்துகிறார்கள். தண்டனைக்குப் பயந்த ஒரு மாணவி, இருவருக்கும் இடையே தகாத உறவு என்று பாட்டியிடம் ஒரு பொய் சொல்கிறாள். பாட்டி அதை ஊருக்குச் சொல்கிறாள். பள்ளி காலியாகிறது, வழக்கு தோற்கிறது, ஓர் உயிரும் போகிறது. ஒரு பொய் எப்படி ஊர் முழுக்கப் பரவி மனிதர்களை அழிக்கிறது என்பதை இவ்வளவு கச்சிதமாகச் சொன்ன நாடகம் அந்தக் காலத்தில் குறைவு. 691 காட்சிகள் ஓடியது. ஆனால் பேசப்பட்ட பொருள் காரணமாகப் பாஸ்டன் போன்ற இடங்களில் தடை. புலிட்சர் பரிசு ஸோ ஏகின்ஸ் எழுதிய 'தி ஓல்ட் மெய்ட்' நாடகத்துக்குப் போனது. அது ஈடித் வார்ட்டனின் குறுநாவலைத் தழுவியது.

நியூயார்க் பத்திரிகைகளின் நாடக விமர்சகர்கள் கொதித்துப்போனார்கள். வெறுமனே கட்டுரை எழுதித் திட்டுவதோடு நிற்கவில்லை. அதே 1935-இல் கூடி 'நியூயார்க் டிராமா கிரிட்டிக்ஸ் சர்க்கிள்' என்ற அமைப்பைத் தொடங்கி, நாங்களே ஒரு பரிசு கொடுக்கிறோம் என்று அறிவித்தார்கள். 1936-இல் மேக்ஸ்வெல் ஆண்டர்சனின் 'வின்டர்செட்' அவர்களின் முதல் பரிசைப் பெற்றது. ஆண்டர்சனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: 1934-இல் நடுவர்கள் அவருடைய 'மேரி ஆஃப் ஸ்காட்லாந்து' நாடகத்தைச் சொல்ல, வாரியம் சிட்னி கிங்ஸ்லியின் 'மென் இன் ஒயிட்' நாடகத்துக்குக் கொடுத்திருந்தது. விமர்சகர்கள் பரிசை ஹெல்மன் 1941-இல் 'வாட்ச் ஆன் தி ரைன்' நாடகத்துக்காகப் பெற்றார். புலிட்சர் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இரண்டு பரிசும் முதன்முதலாக ஒரே நாடகத்துக்குப் போனது 1940-இல்: வில்லியம் சரோயனின் 'தி டைம் ஆஃப் யுவர் லைஃப்'. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மதுக்கடை, அங்கே வந்துபோகும் மனிதர்கள், அவர்களுடைய சின்னச் சின்ன ஆசைகள். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. படித்தால் மனம் லேசாகிவிடும். விமர்சகர்கள் தந்த பரிசைச் சரோயன் வாங்கிக்கொண்டார். புலிட்சரை வேண்டாம் என்றார். கலையைப் பணம் படைத்தவர்கள் ஆதரித்து மதிப்பிடும் நிலை கூடாது என்பது அவர் கொள்கை. 1,000 டாலர் அவருக்கு அப்போது தேவைப்படாத தொகை இல்லை. ஆனாலும் திருப்பிவிட்டார். பட்டியலில் மட்டும் அவர் பெயர் இருக்கிறது. பரிசை ஏற்க மறுக்கலாம், பட்டியலிலிருந்து விலக முடியாது.

இதையொட்டிய ஆண்டுகளில் பட்டியல் ஒளிவீசுகிறது என்றே சொல்ல வேண்டும். தார்ன்டன் வைல்டர் 1938-இலும் 1943-இலும், டென்னசி வில்லியம்ஸ் 1948-இல் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்', 1949-இல் ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்', 1955-இல் மறுபடி வில்லியம்ஸ். அதேசமயம் 1945-இல் வில்லியம்ஸின் 'தி கிளாஸ் மெனாஜரி' வந்து விமர்சகர்கள் பரிசைப் பெற்றபோது, புலிட்சர் மேரி சேஸ் எழுதிய 'ஹார்வி'க்குப் போனது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய முயலோடு நட்பு வைத்திருக்கும் மனிதரின் கதை அது. நல்ல நாடகம்தான், மக்கள் கொண்டாடினார்கள். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எது கூடுதல் ஆழம் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. மில்லரின் 'தி குரூசிபிள்' வந்த 1953-இல் பரிசு வில்லியம் இஞ்ச் எழுதிய 'பிக்னிக்' நாடகத்துக்கு.

அப்புறம் 1957. ஓ'நீல் 1953-இலேயே இறந்துவிட்டார். 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' அவருடைய சொந்தக் குடும்பத்தின் கதை: நடிகரான தந்தை, மார்ஃபின் பழக்கத்துக்கு அடிமையான தாய், இரண்டு மகன்கள், ஒரே வீடு, ஒரே நாள். தான் இறந்து 25 ஆண்டுகள் ஆன பிறகே இதை வெளியிட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். மனைவி கார்லோட்டா அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1956-இல் நூலாக வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் முதலில் மேடையேறி, நவம்பரில் நியூயார்க் வந்தது. அடுத்த ஆண்டு புலிட்சர். அவருக்கு அது நான்காவது. நாடகத்துக்கு அதற்கு மேல் இதுவரை யாரும் வாங்கியதில்லை. கணவரின் சொல்லை மீறியது சரியா தவறா என்று இன்றும் விவாதிப்பவர்கள் உண்டு. அந்த நாடகத்தைப் படித்த பிறகு கார்லோட்டாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, இப்போது 1963-க்கு வருவோம். எட்வர்ட் ஆல்பியின் 'ஹூஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்?' 1962 அக்டோபரில் பிராட்வேயில் திறந்தது. ஒரு கல்லூரி வளாகம். நள்ளிரவு தாண்டிவிட்டது. வரலாற்றுப் பேராசிரியர் ஜார்ஜும் மனைவி மார்த்தாவும் விருந்து முடிந்து வீடு திரும்புகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியரும் அவர் மனைவியும் விருந்தாளிகளாக வருகிறார்கள். விடியும்வரை குடி. குடியோடு குத்தல் பேச்சு. பேச்சு ஏற ஏற, அந்தத் தம்பதியர் இத்தனை ஆண்டுகள் மறைத்துவைத்திருந்த ஒரு கற்பனை, இல்லாத ஒரு மகனைப் பற்றிய கற்பனை, வெளியே வந்து உடைகிறது. மூன்று மணி நேரத்துக்கும் மேல். பிராட்வே அதுவரை கேட்டிராத வசவுகள்.

அந்த ஆண்டு விமர்சகர்கள் பரிசும் சிறந்த நாடகத்துக்கான டோனி விருதும் இதற்கே கிடைத்தன. புலிட்சர் நடுவர்கள் இருவர்: விமர்சகர் ஜான் மேசன் பிரவுன், நாடகப் பேராசிரியர் ஜான் காஸ்னர். இருவரும் இந்த நாடகத்தையே பரிந்துரைத்தார்கள். வாரியத்தில் ஆபாசம், அருவருப்பு என்று எதிர்ப்பு எழுந்தது. நாடகத்தைப் பார்க்காமலும் படிக்காமலும் கருத்துச் சொன்ன உறுப்பினர்கள் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டும் வந்தது. முடிவில் பெரும்பான்மை கிடைக்கவில்லை. வேறு நாடகத்துக்குக் கொடுத்திருந்தால்கூட ரசனை வேறுபாடு என்று விட்டிருக்கலாம். யாருக்கும் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பிரவுனும் காஸ்னரும் பதவி விலகினார்கள்.

இந்த ராஜினாமா இந்தப் பரிசின் வரலாற்றிலேயே மரியாதைக்குரிய செயல்களில் ஒன்று என்று நினைக்கிறேன். இருவருமே நாடக உலகில் மூத்தவர்கள். நடுவர் பொறுப்பு அவர்களுக்கு ஒரு கௌரவம். சும்மா இருந்திருந்தால் அடுத்த ஆண்டும் தொடர்ந்திருப்பார்கள். நாங்கள் பார்த்துச் சொல்வதை நீங்கள் பார்க்காமல் தள்ளுவீர்கள் என்றால் எங்களுக்கு இங்கே என்ன வேலை என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வாரியத்துக்கு நீண்ட காலம் பிடித்தது. 1964-இல் பரிசு இல்லை, 1966-இல் இல்லை, 1968-இல் இல்லை. நடுவில் 1967-இல் ஆல்பிக்கு 'எ டெலிகேட் பேலன்ஸ்' நாடகத்துக்காகப் பரிசு வந்தது. கெல்லிக்கு நடந்த அதே ஈடுகட்டல். நல்ல நாடகம், ஆனாலும் முந்தையதன் வீச்சு அதற்கு இல்லை. 1975-இலும் 1994-இலும் மேலும் இரண்டு பெற்றார். மொத்தம் மூன்று புலிட்சர் வாங்கிய ஆல்பியின் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது புலிட்சர் கிடைக்காத நாடகம்தான்.

யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்க்கும்போது இன்னொன்றையும் விடக் கூடாது. 1959-இல் லொரைன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' பிராட்வேயில் மேடையேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் பிராட்வேக்கு வந்தது அதுவே முதல் முறை. சிகாகோவில் நெருக்கடியான வீட்டில் வாழும் ஒரு குடும்பம், காப்பீட்டுப் பணம் வந்ததும் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்க நினைக்கிறது. விமர்சகர்கள் பரிசு அதற்கு. புலிட்சர் ஆர்ச்சிபால்ட் மக்லீஷின் 'ஜே.பி.' என்ற கவிதை நாடகத்துக்கு. கறுப்பின நாடகாசிரியர் ஒருவருக்கு முதல் புலிட்சர் கிடைத்தது 1970-இல்: சார்லஸ் கோர்டோனின் 'நோ பிளேஸ் டு பி சம்படி'. முதல் நாடகப் பரிசு கொடுத்து 52 ஆண்டுகள் கழித்து. பிராட்வேக்கு வெளியே சிறிய அரங்கில் நடந்த நாடகம் பரிசு பெற்றதும் அதுவே முதல் தடவை. பிறகு ஆகஸ்ட் வில்சன் 1987-இல் 'ஃபென்சஸ்', 1990-இல் 'தி பியானோ லெசன்' என்று இரண்டு பெற்றார். கறுப்பினப் பெண் ஒருவருக்குக் கிடைக்க 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: சூசன்-லோரி பார்க்ஸ், 'டாப்டாக்/அண்டர்டாக்'. லின் நாட்டேஜ் 2009, 2017 என்று இரண்டு முறை வாங்கினார். பெண்களில் இரண்டு முறை நாடகப் புலிட்சர் வாங்கியவர் அவர் ஒருவரே.

பெண்கள் விஷயத்திலும் நீண்ட வறட்சி உண்டு. 1958-இல் கெட்டி ஃப்ரிங்ஸ் வாங்கினார். அடுத்த பெண் 1981-இல் பெத் ஹென்லி. இடையில் 23 ஆண்டுகள். 1999-இல் பரிசு பெற்ற மார்கரெட் எட்சனைப் பற்றி இங்கே ஒரு வரி சொல்லியே ஆக வேண்டும். அட்லாண்டாவில் மழலையர் வகுப்பு ஆசிரியை. புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கும் ஆங்கிலக் கவிதைப் பேராசிரியை ஒருவரைப் பற்றி 'விட்' என்ற நாடகத்தை எழுதி, புலிட்சரை வாங்கி, மறுபடி வகுப்பறைக்கே போய்விட்டார்.

இசை நாடகங்களுக்கும் பரிசு உண்டா என்று பலருக்குச் சந்தேகம். உண்டு. இதுவரை 10 இசை நாடகங்கள் பெற்றுள்ளன. முதலாவது 1932-இல் 'ஆஃப் தி ஐ சிங்'. வசனம் எழுதிய இருவருக்கும் பாடல் எழுதிய ஐரா கெர்ஷ்வினுக்கும் பரிசு கிடைத்தது. இசையமைத்த அவருடைய தம்பி ஜார்ஜ் கெர்ஷ்வினுக்கு இல்லை. நாடகப் பரிசு எழுத்துக்குத்தான் என்று விளக்கம். 1950-இல் 'சவுத் பசிபிக்' வந்தபோது இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராஜர்ஸையும் சேர்த்துக்கொண்டார்கள். ஜார்ஜ் கெர்ஷ்வினுக்கு அவருடைய நூற்றாண்டான 1998-இல் சிறப்புப் பாராட்டு தரப்பட்டது. அவர் மறைந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 1996-இல் 'ரென்ட்' எழுதி இசையமைத்த ஜோனதன் லார்சன், முதல் முன்னோட்டக் காட்சி நடக்கவிருந்த நாளின் அதிகாலையில் 35 வயதில் இறந்தார். பரிசு அவர் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. 2016-இல் லின்-மானுவல் மிராண்டாவின் 'ஹாமில்டன்' பெற்றது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

உயிலில் இருந்த 'நியூயார்க்கில் மேடையேறிய' என்ற நிபந்தனையும் காலப்போக்கில் போய்விட்டது. 1992-இல் ராபர்ட் ஷென்கனின் 'தி கென்டக்கி சைக்கிள்' நியூயார்க்கில் நடக்காமலேயே பரிசு பெற்ற முதல் நாடகம். 9 சிறு நாடகங்களின் தொகுப்பு, சுமார் 6 மணி நேரம், கென்டக்கி மலைப்பகுதியில் மூன்று குடும்பங்களின் 200 ஆண்டுக் கதை. சியாட்டிலிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் நடந்திருந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது 2003. நிலோ குரூஸ் கியூபாவில் பிறந்தவர். அவருடைய 'அன்னா இன் தி டிராபிக்ஸ்' ஃபுளோரிடாவில் கோரல் கேபிள்ஸ் என்ற ஊரில், நூறு பேர் சொச்சம் உட்காரக்கூடிய ஒரு சிறு அரங்குக்காக எழுதப்பட்டது. 1929-இல் டாம்பா நகரச் சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றில் கதை நடக்கிறது. கியூபத் தொழிலாளர்கள் கையால் சுருட்டு உருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் உயரத்தில் உட்கார்ந்து அவர்களுக்குக் கதை வாசிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது தொழிலாளர்களே. இது உண்மையிலேயே இருந்த வழக்கம். புதிதாக வந்த வாசிப்பாளர் டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா'வை எடுக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த நாவலுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். அவர்களுடைய சொந்தத் திருமணங்களும் காதல்களும் கலங்கத் தொடங்குகின்றன. அடுத்து உருட்டும் இயந்திரம் வருகிறது. இயந்திரச் சத்தத்தில் வாசிப்பவர் குரல் கேட்காது என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலை. நடுவர்கள் இந்த நாடகத்தை மேடையில் பார்த்திருக்கவில்லை. பிரதியை மட்டும் படித்துப் பரிந்துரைத்தார்கள். இறுதிச் சுற்றில் எதிரே இருந்தவர்களில் ஒருவர் ஆல்பி. லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட ஒருவருக்கு முதல் நாடகப் புலிட்சர் இப்படித்தான் கிடைத்தது.

இந்த இடத்தில் டோனி விருதோடு உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1947-இல் தொடங்கிய டோனி பிராட்வே அரங்குகளில் நடந்த தயாரிப்புக்கானது. நடிகர், இயக்குநர், ஒளியமைப்பு எல்லாவற்றுக்கும் உண்டு. புலிட்சர் எழுதியவருக்கு மட்டும். நாட்டின் எந்த மூலையில் நடந்தாலும் சரி.

இன்றைய நடைமுறை: வழக்கமாக 5 நடுவர்கள். விமர்சகர்கள், ஒரு பேராசிரியர், ஒரு நாடகாசிரியர். அவர்கள் 3 நாடகங்களைத் தருவார்கள், தரவரிசை போடாமல். வாரியம் அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பரிசுத் தொகை இப்போது 15,000 டாலர். 1980களிலிருந்து இறுதிச் சுற்றுக்கு வந்த நாடகங்களின் பெயர்களையும் வெளியிடுகிறார்கள். இது பெரிய முன்னேற்றம் என்பேன். யாரைத் தாண்டி யாருக்குக் கொடுத்தார்கள் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். முன்பெல்லாம் யாராவது நடுவர் வெளியே சொன்னால்தான் உண்டு.

வாரியம் மட்டும் தன் உரிமையை விட்டுவிடவில்லை. 1986-இல் நடுவர்கள் ராபர்ட் வில்சனின் 'தி சிவில் வார்ஸ்' என்ற பிரம்மாண்டமான மேடைப் படைப்பைச் சொன்னார்கள். அது முழுமையாக எங்குமே நிகழ்த்தப்படாதது. வாரியம் ஏற்கவில்லை, பரிசு இல்லை. இதில் வாரியத்தின் தயக்கம் எனக்குப் புரிகிறது. 2007-இல் நடுவர்கள் சொன்ன மூன்றையும் விட்டுவிட்டு 'ரேபிட் ஹோல்' நாடகத்துக்குக் கொடுத்தார்கள். அந்த மூன்றில் ஒன்றை எழுதிய கியாரா அலெக்ரியா ஹ்யூடெஸ், 2012-இல் அதன் தொடர்ச்சியான 'வாட்டர் பை தி ஸ்பூன்ஃபுல்' நாடகத்துக்குப் பரிசு வாங்கினார். 2010-இல் மறுபடியும் அதே கதை: நடுவர்கள் பட்டியலில் இல்லாத 'நெக்ஸ்ட் டு நார்மல்' என்ற இசை நாடகத்துக்குப் பரிசு. நடுவர் குழுத் தலைவராக இருந்த விமர்சகர் சார்லஸ் மெக்நல்டி பத்திரிகையிலேயே கடுமையாகக் கண்டித்து எழுதினார். தள்ளப்பட்ட மூன்றில் ஒன்று, இந்திய வம்சாவளியினரான ராஜீவ் ஜோசப்பின் 'பெங்கால் டைகர் அட் தி பாக்தாத் ஜூ'. ஈராக் போரின்போது கூண்டில் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு புலியின் ஆவி, குண்டு விழுந்த நகரத்தில் அலைந்தபடி கடவுளிடம் கேள்வி கேட்கிறது. 2013-இல் பாகிஸ்தானிய வேர் கொண்ட அயத் அக்தர் 'டிஸ்கிரேஸ்டு' நாடகத்துக்காகப் பரிசு பெற்றார். ஈரானிய வேர் கொண்ட சனாஸ் தூஸி 2023-இல் 'இங்கிலிஷ்' நாடகத்துக்காகப் பெற்றார்.

அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் என்று இருந்த விதியும் அண்மையில் தளர்ந்திருக்கிறது. நூல்கள், நாடகம், இசை ஆகியவற்றில் 2025-ஆம் ஆண்டுப் பரிசிலிருந்து நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும், அமெரிக்காவையே நெடுநாள் வீடாகக் கொண்டவர்களும் தகுதி பெறுகிறார்கள். ஹங்கேரியிலிருந்து வந்த ஒருவர் நிறுவிய பரிசு இந்த முடிவுக்கு இவ்வளவு தாமதமாக வந்தது எனக்கு வருத்தம்தான். வந்துவிட்டது என்பதில் மகிழ்ச்சி.

படிக்கத் தொடங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: பரிசு பெற்றவற்றை வரிசையாகப் படிக்காதீர்கள். சோடி சோடியாகப் படியுங்கள். 1935-க்கு 'தி ஓல்ட் மெய்ட்', கூடவே 'தி சில்ட்ரன்ஸ் அவர்'. 1945-க்கு 'ஹார்வி', கூடவே 'தி கிளாஸ் மெனாஜரி'. 1959-க்கு 'ஜே.பி.', கூடவே 'எ ரெய்சின் இன் தி சன்'. ஆல்பியின் 1962 நாடகத்தையும் 1967-இல் பரிசு வாங்கியதையும் ஒரே வாரத்தில் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவை நூலாகக் கிடைக்கின்றன, பலவற்றுக்குத் திரைப்பட வடிவமும் உண்டு. நேரம் குறைவு, ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் 'அன்னா இன் தி டிராபிக்ஸ்' எடுங்கள். இரண்டு மணி நேரத்தில் படித்துவிடலாம்.